மாட்டுக்கொட்டகைத் தூசும் பிள்ளைகளின் இழுப்பும்

எங்க அரிமளம் பக்கம் யார் வீட்டுப் பிள்ளைக்காவது வீசிங் என்று பேச்செடுத்தால் போதும், கூட்டத்தில் ஒரு அப்பத்தாவாவது இதைச் சொல்லாமல் விடமாட்டார்: "நாங்கல்லாம் சாணிக்குள்ளயும் புழுதிக்குள்ளயும் கெடந்துதான் வளந்தோம். எவனுக்கு இழுப்பு வந்துச்சு?"

முன்பெல்லாம் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். இப்போது அப்படி முடியவில்லை. ஏறக்குறைய இதே விஷயத்தைக் கடந்த இருபது முப்பது வருஷமாக நோய் எதிர்ப்பியல்காரர்களும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அது "மாட்டுத்தொழுவம் இருந்தால் ஆஸ்துமா வராது, விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்" என்ற அளவுக்குச் சுருங்கி வருகிறது. இதில் எவ்வளவு தேறும் என்று பார்ப்பதற்காகப் படித்து எடுத்துவைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. என் கணக்கில் அப்பத்தா பாதி சரி. அந்தப் பாதி எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஊர் தெரியாதவர்களுக்காக: அரிமளம், புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் தாலுகாவில் இருக்கும் பேரூராட்சி. செம்மண், கண்மாய், சுற்றிலும் தைலமரக் காடு. வீட்டுக்கு வீடு மாடு நின்ற காலம் எனக்கே நினைவிருக்கிறது. இன்றைக்குத் தெருவுக்கு நாலு வீட்டில் நின்றால் அதிகம். கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்ட் போட்டு பைக் நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் இது பழங்காலப் பெருமை பேசுகிற கேள்வி மட்டும் இல்லை. கொட்டகை உண்மையிலேயே ஏதோ கொடுத்துக்கொண்டிருந்தது என்றால், இப்போது பிறக்கிற பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தியின் மூலம். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு கிறிஸ்தவ விவசாயச் சமூகங்கள் இருக்கின்றன. இரண்டும் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப்பக்கத்திலிருந்து போனவை. மரபணு ரீதியாக நெருக்கம். குடும்பத்தில் பிள்ளைகள் அதிகம், சாப்பாடு ஏறக்குறைய ஒன்று, வீட்டில் நாய் பூனை வளர்ப்பது குறைவு, டிவி கிடையாது. ஒரே பெரிய வித்தியாசம் விவசாயம் செய்கிற முறை. ஆமிஷ்காரர்கள் குடும்பம் குடும்பமாகச் சின்னப் பண்ணை வைத்து, குதிரை பூட்டி உழுகிறார்கள். கொட்டகை வீட்டை ஒட்டியே இருக்கும். பிள்ளைகள் தவழ்கிற வயதிலேயே அங்கே போய் வருவார்கள். ஹட்டரைட்காரர்களுடையது பெரிய கூட்டுப்பண்ணை. டிராக்டர், இயந்திரம் எல்லாம் உண்டு. வீடுகள் தள்ளி இருக்கும்.

2016-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு இந்த இரண்டு சமூகங்களிலும் தலைக்கு 30 பிள்ளைகளை எடுத்து ஒப்பிட்டது. இந்தச் சமூகங்களில் ஏற்கெனவே எடுத்த கணக்குப்படி பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஆஸ்துமா ஆமிஷில் 5.2%, ஹட்டரைட்டில் 21.3%. நாலு மடங்கு! வீட்டுத் தூசியை எடுத்து அளந்தபோது, எண்டோடாக்சின் என்கிற பாக்டீரியா மேலோட்டுப் பொருள் ஆமிஷ் வீடுகளில் 6.8 மடங்கு கூடுதலாக இருந்தது. அந்தத் தூசியைக் கரைத்து எலிகளின் மூக்கில் விட்டார்கள். ஆமிஷ் தூசி ஆஸ்துமா வராமல் தடுத்தது. ஹட்டரைட் தூசி தடுக்கவில்லை. இரண்டுமே பண்ணைத் தூசிதான், கவனியுங்க. "மண்ணுல விளையாடினா போதும்" என்பதோடு கதை முடிந்துவிடாது என்பதற்கு இங்கேயே முதல் தடயம் கிடைத்துவிடுகிறது.

எண்டோடாக்சின் எப்படி வேலை செய்கிறது? இதற்கு ஒரு வருஷம் முன்னால், 2015-இல், பெல்ஜியத்தின் கெண்ட் நகரக் குழு ஒன்று பதில் சொன்னது. நம்முடைய மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கிற அணுக்கள் சும்மா ஒரு பூச்சு இல்லை. தூசி, பூச்சிக் கழிவு, வைரஸ் என்று எது வந்து மோதினாலும் முதலில் மணி அடிப்பவை அவைதான். கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்ந்து எண்டோடாக்சின் பட்டுவந்தால், அந்த அணுக்களுக்குள் ஏ20 என்ற நொதி கூடுகிறது. அது அந்த மணியின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறது. அப்புறம் வீட்டுத்தூசிச் சிற்றுண்ணி மாதிரி சாதாரணமான ஒன்று வந்தாலும் பெரிய கலவரம் ஆவதில்லை. எலிகளின் நுரையீரலில் ஏ20-ஐ நீக்கிவிட்டுப் பார்த்தபோது பண்ணைத் தூசியின் பாதுகாப்பும் காணாமல் போனது. தெருவில் புதிதாக ஒருவர் வந்தால் குரைக்கிற நாய், தினம் வருகிற பால்காரரைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறது இல்லையா, ஏறக்குறைய அந்தக் கதைதான்.

ஆனால் நாய்க்கு இந்தப் பழக்கம் எப்போது வேண்டுமானாலும் வரும். நுரையீரலுக்கு அப்படி வராது. வயதுதான் இங்கே முக்கியம்.

கருவில் இருக்கும்போது பிள்ளையின் நோய் எதிர்ப்பு மண்டலம் அடக்கி வாசிக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறது. தாயின் உடம்புக்குப் பிள்ளை பாதி அந்நியம். பிள்ளைக்குத் தாயும் பாதி அந்நியம். இரண்டு பேரும் சண்டை போடாமல் பத்து மாதம் தள்ள வேண்டும். அதனால் கிருமியைக் கொல்கிற முரட்டுப் பிரிவு (டி.எச்.1 என்பார்கள்) அமுங்கி, டி.எச்.2 என்கிற இன்னொரு பிரிவு கொஞ்சம் மேலோங்கி இருக்கும். இந்த டி.எச்.2 தான் பின்னால் ஐஜிஇ என்ற எதிர்பொருளையும், ஈசினோஃபில் என்ற வெள்ளணுவையும் கிளப்பிவிட்டு அலர்ஜிக்கும் ஆஸ்துமாவுக்கும் காரணமாகிற பிரிவு. ஆக எல்லாப் பிள்ளைகளும் பிறக்கும்போது ஆஸ்துமா பக்கம் சற்றே சாய்ந்துதான் பிறக்கிறார்கள். பிறந்த பிறகு நிமிர வேண்டும்.

சாய்வு பிறந்த உடனே இன்னும் கொஞ்சம் கூடுகிறது என்பது எனக்குப் படிக்கும்போது ஆச்சரியமாக இருந்தது. எலிக்குட்டி முதல் மூச்சை இழுத்து நுரையீரல் விரிகிறபோது, அந்த விரிசலே உட்சுவர் அணுக்களிலிருந்து இன்டர்லூகின்-33 என்ற செய்திப்பொருளை வெளிவிடச் செய்கிறது. அதைக் கேட்டு இரண்டாம் வகை அணுக்கள் நுரையீரலுக்குள் வந்து குவிகின்றன. இது கோளாறு இல்லை. வளர்ந்துகொண்டிருக்கிற மென்மையான நுரையீரலை அமைதியாக வைத்திருப்பதற்கான ஏற்பாடு. ஆனால் சரியாக அந்த நேரத்தில் சிற்றுண்ணித் தூசியைக் கொடுத்தால், வளர்ந்த எலியைவிடக் குட்டி பல மடங்கு பலமாக அலர்ஜியைக் கற்றுக்கொள்கிறது.

அப்புறம் நுண்ணுயிரிகள் வந்து குடியேற வேண்டும். எலிகளில் பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் நுரையீரலில் நுண்ணுயிரிகள் பெருகி, அவற்றோடு கூடவே "பொறு, இதுக்கெல்லாம் சண்டை வேண்டாம்" என்று மற்ற அணுக்களை அடக்குகிற ஒழுங்குபடுத்தும் டி அணுக்களும் வந்துசேர்கின்றன. அந்தக் குடியேற்றத்தைத் தடுத்துவிட்டால் பிறந்தபோது இருந்த சாய்வு வளர்ந்த பிறகும் அப்படியே நின்றுவிடுகிறது.

இந்தக் காலக்கெடுவைப் பளிச்சென்று காட்டியது 2012-இல் பாஸ்டனிலிருந்து வந்த ஒரு சோதனை. கிருமியே படாத கூண்டில் பிறந்து வளர்ந்த எலிகளின் நுரையீரலிலும் குடலிலும் ஒருவகைக் கொலைகார டி அணுக்கள் அளவுக்கு மீறிக் குவிந்திருந்தன. அவற்றுக்கு ஆஸ்துமாவும் கடுமையாக வந்தது. பிறந்த உடனே சாதாரணக் கிருமிகளோடு பழகவிட்ட குட்டிகளில் இந்தக் குவியல் இல்லை. வளர்ந்த பிறகு அதே கிருமிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பயனில்லை. கதவு சாத்தியாகிவிட்டது.

எலிக்கு வாரக்கணக்கு, மனுஷப் பிள்ளைக்கு எவ்வளவு என்று கேட்பீர்கள். கச்சிதமான தேதி யாரும் சொல்வதில்லை. கர்ப்பகாலத்திலிருந்து முதல் இரண்டு மூன்று வருஷம் என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். அதிலும் முதல் வருஷம் ரொம்ப முக்கியம். நம்ம ஆட்களை வைத்தே ஒரு சாட்சி உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கிற தெற்காசிய வம்சாவளிப் பெண்களை 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஒப்பிட்டது. அங்கேயே பிறந்தவர்கள், அல்லது ஐந்து வயதுக்கு முன்னால் அங்கே போனவர்களிடம் ஆஸ்துமா அதிகம். ஐந்து வயதுக்குப் பிறகு போனவர்களிடம் குறைவு. எல்லோரும் பெரியவர்களாகி அதே ஊர்க் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். சின்ன வயதில் எங்கே இருந்தார்கள் என்பது மட்டும் அவர்களுடைய மூச்சுக்குழாயில் எழுதப்பட்டிருக்கிறது. வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற நம்ம ஊர்க்காரர்கள், "நான் இங்க வந்து இருபது வருஷம், எனக்கு ஒண்ணுமில்ல, பிள்ளைக்கு ஏன் இப்படி?" என்று கேட்பதுண்டு. பதிலில் ஒரு பங்காவது இங்கே இருக்கிறது.

நுரையீரலில் மட்டும் இது நடப்பதில்லை. பெரிய பள்ளிக்கூடம் குடலில்தான் இருக்கிறது. தாயின் குடலிலிருந்து பாக்டீராய்ட்ஸ் போன்ற நுண்ணுயிரிகள் பிரசவத்தின்போது பிள்ளைக்குப் போகின்றன. தாய்ப்பாலில் இருக்கிற ஒருவகைச் சர்க்கரைகளைப் பிள்ளையால் செரிக்கவே முடியாது. அவை பிஃபிடோபாக்டீரியா என்ற குடல்வாசிகளுக்கான சாப்பாடு. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது தாய் அந்தக் குடித்தனக்காரர்களுக்கும் சேர்த்துச் சமைத்துப் போடுகிறாள். திட உணவு ஆரம்பித்ததும் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்ரேட் மாதிரிப் பொருள்களைத் தருகிற கூட்டம் வருகிறது. அந்தப் பொருள்கள் ரத்தத்தில் போய், மேலே சொன்ன அடக்கும் டி அணுக்களை வளர்க்கின்றன. (பிறந்த பிள்ளை வாயில் முதலில் சேனை வைக்கிற வழக்கம் நம்மிடம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. சர்க்கரைத் தண்ணீரோ தேனோ, முதல் சாப்பாட்டின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. அந்த இடம் சீம்பாலுக்கு உரியது.)

இங்கேதான் சிசேரியன் பேச்சு வருகிறது. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி 44.9% பிரசவங்கள் சிசேரியன். இந்திய சராசரி 21.5%. சிசேரியனில் பிறந்தவர்களுக்கு ஆஸ்துமா வாய்ப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறார்கள். கேட்டதும் தாய்மார்கள் பயந்துபோக வேண்டியதில்லை. நூற்றில் நாலு பிள்ளைக்கு வருகிற இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்றால் நூற்றில் ஐந்துகூட ஆகவில்லை. அதைவிட நல்ல செய்தி டென்மார்க்கிலிருந்து வந்தது. கோபன்ஹேகனில் 700 பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்தபோது, சிசேரியனில் பிறந்திருந்தாலும் ஒரு வயதுக்குள் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் வயதுக்கேற்ற முதிர்ச்சிக்கு வந்துவிட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வாய்ப்பு கூடவில்லை. ஒரு வயதிலும் சிசேரியன் அடையாளத்தோடு பின்தங்கி நின்ற பிள்ளைகளுக்குத்தான் கூடியது. ஆக ஆபரேஷன் மேஜையில் தலையெழுத்து முடிந்துவிடுவதில்லை. அதற்கப்புறம் ஒரு வருஷம் கையில் இருக்கிறது.

அந்த ஒரு வருஷத்தில் நாம் செய்கிற காரியங்களில் எனக்கு அதிகம் உறுத்துவது ஆன்டிபயாட்டிக். சளி பிடித்த ஆறு மாதப் பிள்ளைக்கு மெடிக்கலில் சொல்லி ஒரு சிரப் வாங்கிக் கொடுப்பது நமக்குச் சாதாரணம். பெரும்பாலான சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதைத் தொடவே தொடாது. தொடுவது குடலில் இப்போதுதான் குடியேறிக்கொண்டிருக்கிற கூட்டத்தை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2000-க்கும் 2014-க்கும் நடுவே, ஒரு வயதுக்குட்பட்ட 1000 குழந்தைகளுக்கு வருஷத்துக்குச் சுமார் 1,250 ஆன்டிபயாட்டிக் சீட்டு என்றிருந்தது 490-க்கும் கீழே இறங்கியது. அதே காலத்தில் 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளில் புதிதாக ஆஸ்துமா வருவது 26% குறைந்தது. இரண்டும் சேர்ந்து நடந்தது என்பதாலேயே ஒன்றால் மற்றது என்று ஆகிவிடாதுதான். ஆனால் தனித்தனிப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தபோதும் அந்தப் பக்கமேதான் கை காட்டியது. குடல் நுண்ணுயிர் வகைகள் குறைந்ததும் நடுவில் தெரிந்தது. தேவையான இடத்தில், நிமோனியாவிலோ ரத்தத்தில் கிருமி பரவும்போதோ, ஆன்டிபயாட்டிக் உயிர் காக்கிற மருந்து. அதில் தயக்கம் கூடாது. சளிக்குத்தான் வேண்டாம் என்கிறேன்.

"அப்போ எந்த நல்ல பாக்டீரியாவைக் கொடுக்கலாம்?" என்று அடுத்த கேள்வி வரும், அதற்கு ஒரு புரோபயாட்டிக் விளம்பரமும் வரும். கொஞ்சம் பொறுங்க. கனடாவில் ஆஸ்துமா வாய்ப்புள்ள பிள்ளைகளுக்கு மூன்று மாதத்தில் குறைந்திருந்த நாலு வகைகளில் ஒன்று வெய்லோனெல்லா. அதே ஆராய்ச்சிக்காரர்கள் ஈக்வடார் கிராமங்களில் போய்ப் பார்த்தால், அங்கே மூச்சிரைப்பு வந்த பிள்ளைகளிடம் வெய்லோனெல்லா கூடுதலாக இருந்தது! பாக்டீரியாவைவிடப் பூஞ்சை வகைகளில்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. வான்கூவர் குடலுக்கு எழுதிய சீட்டு ஈக்வடாருக்கே செல்லவில்லை, கம்பும் பழையதும் சாப்பிட்ட வம்சத்துக்கு அப்படியே செல்லும் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

இதுவரை சொன்னது பாதிக் கதை. மீதி சளியில் இருக்கிறது.

சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாய் மெலிசானது. கொஞ்சம் வீங்கினாலே பாதி அடைத்துவிடும், அதனால் ஆர்.எஸ்.வி., ரைனோ வைரஸ் மாதிரி சாதாரணச் சளிக் கிருமி பட்டாலும் நெஞ்சு கீச் கீச் என்கிறது. எல்லா வீசிங்கும் ஆஸ்துமா இல்லை. அமெரிக்காவின் டூசான் நகரில் 1980-இல் தொடங்கி, பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த பிள்ளைகளில் 826 பேரின் கணக்கு 1995-இல் வந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆறு வயதுக்குள் ஒருமுறையாவது வீசிங் வந்திருக்கிறது. அதில் பெரிய கூட்டம், மொத்தத்தில் 19.9%, மூன்று வயதுக்குள் வந்து, ஆறு வயதில் இல்லாமல் போனவர்கள். இவர்களுக்குப் பிறக்கும்போதே மூச்சுக்குழாய் கொஞ்சம் குறுகல், வளர்ந்ததும் சரியாகிவிட்டது. 13.7% பேருக்கு மட்டும் மூன்று வயதுக்கு முன்பே தொடங்கி ஆறு வயதிலும் விடவில்லை. ஆஸ்துமாவை நோக்கிப் போகிற கூட்டம் பெரும்பாலும் இதுதான்.

யார் எந்தக் கூட்டம் என்று முதல் வீசிங்கிலேயே சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் விஸ்கான்சினில் நடந்த ஆய்வு ஒரு துப்புக் கொடுத்தது: முதல் மூன்று வருஷத்தில் ரைனோ வைரஸால் வீசிங் வந்த பிள்ளைகளுக்கு ஆறு வயதில் ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட பத்து மடங்கு. சளி ஆஸ்துமாவை உண்டாக்கியதா, ஆஸ்துமா பக்கம் சாய்ந்த உடம்பு என்பதால் சாதாரணச் சளி வீசிங் ஆனதா? கோழியா முட்டையா கேள்விதான். இதை உடைத்துப் பார்க்க நெதர்லாந்தில் 429 குறைமாதப் பிள்ளைகளில் ஒரு பாதிக்கு ஆர்.எஸ்.வி.-யைத் தடுக்கிற எதிர்பொருள் ஊசி போட்டார்கள். முதல் வருஷம் வீசிங் நாள்கள் நன்றாகக் குறைந்தன. ஆறு வயதில் பெற்றோர் சொன்ன கணக்கில் ஆஸ்துமா கொஞ்சம் குறைவு. ஊதவைத்து நுரையீரலை அளந்தால் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மை என்று நினைக்கிறேன். டி.எச்.2 பக்கம் சாய்ந்த உட்சுவர் வைரஸை விரட்டும் இன்டர்ஃபெரானை மந்தமாகச் சுரக்கிறது. வைரஸ் நீடித்து உட்சுவரைக் கிழிக்கிறது. கிழிந்த உட்சுவர் இன்னும் உரக்க மணி அடிக்கிறது. சாய்வு இன்னும் கூடுகிறது. 17-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியின் மாற்றம் இருக்கிற பிள்ளைகளுக்கு இந்தச் சுழல் எளிதாகப் பிடித்துக்கொள்கிறது. அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம் என்று ஊரில் சொல்வதற்கு ஓரளவு இதுவும் காரணம்.

இப்போது அப்பத்தாவிடம் திரும்புவோம். நம்ம கொட்டகை ஆமிஷ் கொட்டகை மாதிரி வேலை செய்ததா?

தமிழ்நாட்டில் இதை நேரடியாகத் தொட்ட ஒரு கணக்கு உண்டு. சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் 855 பிள்ளைகளை விசாரித்து 2002-இல் வெளியானது. 6 முதல் 12 வயதில், எப்போதாவது மூச்சுவிடச் சிரமம் வந்ததாகச் சொன்னவர்கள் நகரத்தில் 22%, கிராமத்தில் 9%. அப்பத்தா பக்கம் ஒரு புள்ளி. ஆனால் கிராமம் என்றால் மாடு மட்டுமா? காற்று வேறு, சாப்பாடு வேறு, வீட்டில் பிள்ளைகளின் எண்ணிக்கை வேறு, டாக்டரிடம் போகிற வழக்கமும் வேறு. சிரமம் வந்தது என்று சொல்கிற வழக்கமே வேறு. எது காரணம் என்று இதில் பிரித்தெடுக்க முடியாது.

கூடவே இன்னொன்று. "எவனுக்கு வந்துச்சு" என்று கேட்கிறபோது, அந்தக் காலத்தில் மாந்தம், சளி, கணம் என்று சொல்லி இரண்டு வயதுக்குள் மண்ணில் வைத்த பிள்ளைகளை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அவர்களில் எத்தனை பேருக்கு மூச்சு இரைத்தது என்று கேட்க இப்போது ஆளில்லை.

ஆமிஷ் பிள்ளையின் தூசியில் கலக்காத ஒன்று நம்ம பிள்ளையின் தூசியில் கலக்கிறது: புகை. விறகடுப்பு நிறைய வீடுகளில் போய்விட்டது, ஆனால் வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் இன்னும் கொல்லையில் எரிகிறது. பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டியதும் தலை காய சாம்பிராணி போடுகிறோம், அதுவும் சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு. ராத்திரிக்குக் கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிகிறபோது வெளிவிடுகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று மலேசிய, சீனச் சுருள்களை அளந்து 2003-இல் எழுதினார்கள். பிள்ளைக்காகத்தான் அதை ஏற்றுகிறோம் என்பதுதான் இதில் சங்கடம். புகை உட்சுவரைப் புண்ணாக்கி அதே இன்டர்லூகின்-33 மணியை அடிக்கவைக்கிறது. கொட்டகைத் தூசி மணியைத் தணிக்கிறது, புகை அடிக்கிறது. ஒரே வீட்டில், ஒரே தொட்டிலில் இரண்டும் நடக்கின்றன. கொசு வலைக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அதனால் எங்கள் பக்கம் நான் அதைத்தான் சொல்லிவருகிறேன்.

புகையை நிறுத்தினால் உடனே எல்லாம் சரியாகிவிடும் என்றும் எழுத மாட்டேன். விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் இன்னும் மூன்று நாடுகளிலுமாக 3,200 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்குக் காஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் பிறந்த எடையிலும், முதல் வருஷத்தில் வந்த கடும் நிமோனியாவிலும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆஸ்துமா அந்தச் சோதனையின் கேள்வி இல்லை. இருந்தாலும் உடம்பு நாம் நினைக்கிற கணக்குப்படி நடப்பதில்லை என்பதற்கு இது ஒரு எச்சரிக்கை. ஐரோப்பியப் பண்ணை ஆய்வுகளில் காய்ச்சாத பாலுக்கும் ஒரு பங்கு தெரிகிறது என்பதால் யாராவது கறந்த பாலைப் பச்சையாகப் பிள்ளைக்குக் கொடுக்கக் கிளம்பினால், அதுவும் வேண்டாம். மாட்டுக் காசநோயும் புருசெல்லாவும் அந்த வழியாகத்தான் வரும்.

தடுப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். ஏற்கெனவே வந்த பிள்ளைக்கு என்ன செய்கிறோம் என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய கவலை. உலக ஆஸ்துமா வலைப்பின்னலின் இந்தியக் கணக்கெடுப்பு, மைசூர் உட்பட ஒன்பது மையங்களில் நடந்து 2022-இல் வெளிவந்தது. 6-7 வயதில் ஆஸ்துமா 3.16%. பணக்கார நாடுகளோடு பார்த்தால் குறைவுதான். ஆனால் மூச்சிரைப்பு இருப்பவர்களில் 82% பேருக்கு அது ஆஸ்துமா என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. தினமும் இன்ஹேலர் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் 2.5%-க்கும் குறைவு. உலக ஆஸ்துமாக்காரர்களில் சுமார் 13% பேர் இந்தியாவில். ஆஸ்துமாவால் சாகிறவர்களில் சுமார் 42% பேர் இந்தியாவில். நம்ம மண் காப்பாற்றுகிறது என்று பேசிக்கொண்டே இந்த எண்ணையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சொல்லாமல் விடுவதில் தமிழ்நாட்டுக்கென்றே ஒரு பாணி உண்டு: பிரைமரி காம்ப்ளக்ஸ். உண்மையான பிரைமரி காம்ப்ளக்ஸ் என்பது பிள்ளைக்கு முதல்முறை காசநோய்க் கிருமி தொற்றும்போது நுரையீரலில் ஏற்படும் புண்ணும் நெறிகட்டும். நம்ம பேச்சுவழக்கில் அது, அடிக்கடி சளி, இருமல், எடை ஏறாமை எல்லாவற்றுக்கும் ஒரே பெயராகிவிட்டது. ராத்திரியில் இருமி, ஓடினால் இரைத்து, மாதத்துக்கு ஒருமுறை நெபுலைசர் வைக்கிற பிள்ளை, ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டு முடித்துவிட்டு மறுபடி நெபுலைசருக்கு வருவதை எங்கள் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறேன். காசநோய் மருந்துக்கு ஒப்புக்கொள்கிற வீடு ஆஸ்துமா என்ற சொல்லுக்கு ஒப்புக்கொள்வதில்லை. ஒன்று ஆறு மாதத்தில் முடியும்; மற்றது பெண் பிள்ளைக்குக் கல்யாணம் பேசும்போது வந்து நிற்கும் என்ற பயம்.

இன்ஹேலர் ஸ்டீராய்டு அந்த டி.எச்.2 கலவரத்தை நேராக மூச்சுக்குழாயிலேயே அடக்குகிற மருந்து. சின்ன வயதில் எழுதியதை அது அழிக்காது: அமெரிக்காவில் 2, 3 வயதுள்ள 285 பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் கொடுத்தபோது வீசிங் குறைந்தது, நிறுத்திய மூன்றாம் வருஷம் கொடுக்காதவர்களோடு வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. கொடுக்கிற நாள்களில் பிள்ளை தூங்குகிறது, ஓடுகிறது, பள்ளிக்கூடம் போகிறது. "இன்ஹேலர் பழகிடும், சிரப்பே போதும்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பியூட்டமால் இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். அதே மருந்து சிரப்பில் 5 மில்லி, அதாவது ஒரு ஸ்பூன், 2 மில்லிகிராம். இருபது மடங்கு, அதுவும் வயிறு, ரத்தம், இருதயம் எல்லாம் சுற்றி, கை நடுங்கவைத்து, அப்புறம்தான் நெஞ்சுக்கு வந்துசேரும்.